கட்டுண்டவர் வழக்கும் காலவரம்பும்

ஒருவன் மற்றொருவனுக்கு இழைத்த தீங்கு, ஆண்டுகள் சில கழிந்தமையால் தீங்கல்லாது போகுமோ? இக்கேள்வியை அறநூலாரிடம் கேட்டால் 'போகாது' என்பர். சட்ட நூலாரோ, 'தீங்கு தீங்குதான். ஆயினும் அதைப் பற்றி எம்மிடம் முறையிடும் காலம் கடந்துவிட்டது' என்பர். இவ்விரு விடைகளுக்கும் இடையேயுள்ள பள்ளத்தில் வீழ்ந்து கிடப்போர் யாவர் என்பதையே நாம் இங்கு ஆராய விழைகின்றோம். பொய் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு, முன்பணம் என்னும் கயிற்றால் கட்டப்பட்டு, செங்கற்சூளையிலும் கற்குவாரியிலும் அரிசி ஆலையிலும் விபசார விடுதியிலும் உழைப்பையும் உடலையும் இழந்த மக்களே அவர்கள்.

காலவரையறைச் சட்டத்தை எடுத்த எடுப்பில் பழிப்பதற்கில்லை. அதற்கென ஒரு நியாயம் உண்டு. சாட்சிகள் இறப்பர், ஏடுகளைச் செல் அரிக்கும், நினைவு மங்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றுக்கு இன்று ஒருவன் எங்ஙனம் மறுமொழி கூறுவான்? தன் உரிமை பறிபோனதை அறிந்தும் வாளாவிருந்தவன் பின்னொரு நாள் எழுந்து வந்து ஊரைக் கலக்குவதும் முறையன்று. வணிகர் இருவரிடையே எழும் கணக்கு வழக்குக்கு இந்நியாயம் முற்றும் பொருந்தும். ஆனால் இது முழுவதும் ஓர் ஊகத்தின்மேல் நிற்கிறது. வழக்காடும் உரிமை உடையவன் வழக்காட வல்லவனாகவும் இருந்தான்; அவன் உறங்கினானேயன்றி எவரும் அவனைக் கட்டி வைக்கவில்லை என்பதே அவ்வூகம். கட்டி வைத்ததே குற்றமாக இருக்கும்போது, 'நீ ஏன் எழுந்து வரவில்லை?' என்று கேட்பது எவ்வாறு பொருந்தும்?

நம் நாட்டுச் சட்டம் இன்று நிற்கும் நிலையைச் சற்று விரிவாகவே காண்போம். ஏனெனில் நம்மவரில் பலர் இதனை அறியார். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 73ஆம் இனம் என ஒன்று உண்டு. ஒருவனைச் சட்டத்திற்குப் புறம்பாகச் சிறைப்படுத்தியமைக்கு இழப்பீடு கோரும் வழக்கை, அச்சிறை முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடர வேண்டும் என்கிறது அது. கடன் கொடுத்தவன் தன் பணத்தைக் கேட்டு வழக்கிட மூன்றாண்டு. அடைத்து வைக்கப்பட்டவன் தன் வாழ்நாளைக் கேட்டு வழக்கிட ஓராண்டு! தாமதத்தைப் பொறுத்தருளும் அதிகாரமும் இங்கு நீதிபதிக்கு இல்லை. மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் 5ஆம் பிரிவு தரும் அச்சலுகை மூல வழக்குகளுக்குப் பொருந்தாது. நீதிபதியின் உள்ளம் இரங்கினாலும் அவர் கை இரங்காது.

சிறுவர்க்கு ஒரு சலுகை உண்டு. பருவம் எய்தாதவன், பருவம் எய்திய பின் அதே அளவு காலத்திற்குள் வழக்கிடலாம் என்கிறது 6ஆம் பிரிவு. அதே அளவு காலம் என்றால் இங்கு அது ஓராண்டே. பத்து வயதில் சூளைக்குக் கொண்டு செல்லப்பட்டு, பன்னிரண்டு வயதில் மீட்கப்பட்ட பெண் ஒருத்தி, அடைத்து வைத்தவனிடம் இழப்பீடு கேட்பதற்குப் பத்தொன்பது வயது நிரம்புமுன் வழக்கறிஞரைத் தேடிக் கண்டுபிடித்து, நீதிமன்றத்தின் படியேற வேண்டும். எழுதப் படிக்கவே அப்போதுதான் அவள் தொடங்கியிருக்கக்கூடும்.

குற்றவியல் பக்கம் நோக்கினால் நிலைமை இன்னும் விந்தையானது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு, தண்டனையின் அளவைக் கொண்டு காலவரம்பை வகுத்தது. ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றத்திற்கு ஓராண்டு. அதற்குமேல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கத்தக்கதற்கு மூன்றாண்டு. அதற்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு வரம்பே இல்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 514ஆம் பிரிவும் இதனையே திரும்பச் சொல்கிறது.

இந்த அளவுகோலை அடிமைத்தனத்தின்மேல் வைத்துப் பாருங்கள். ஒருவனை அவன் விருப்பத்திற்கு மாறாக வேலை வாங்குவதற்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 374ஆம் பிரிவும், இன்றைய நியாய சம்ஹிதையின் 146ஆம் பிரிவும் விதிக்கும் சிறை ஓராண்டு வரை. எனவே ஓராண்டில் வழக்கு மடிகிறது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதில் கொத்தடிமை வேலை வாங்குவதற்குத் தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமும். எனவே மூன்றாண்டில் அது மடிகிறது. ஆள் கடத்தல் என்னும் குற்றமோ 2013இல் திருத்தி எழுதப்பட்ட 370ஆம் பிரிவின்படி ஏழாண்டுக்குக் குறையாத சிறைக்குரியது. இன்று அது 143ஆம் பிரிவு. அதற்குக் காலவரம்பு இல்லை. அதே சூளை, அதே முதலாளி, அதே குடும்பம். அதிகாரி எந்தப் பிரிவை ஏட்டில் எழுதினார் என்பதைப் பொறுத்து அவ்வழக்கு ஓராண்டில் சாகலாம், மூன்றாண்டில் சாகலாம், சாகாமலும் இருக்கலாம். பாதிக்கப்பட்டவனோ அந்த ஏட்டைப் பார்த்ததுகூட இல்லை.

நம் வாசகர் மனத்தில் இருத்த வேண்டிய மற்றொன்றும் உண்டு. பட்டியல் வகுப்பினரையும் பழங்குடியினரையும் கட்டாய வேலையோ கொத்தடிமை வேலையோ வாங்குவது, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, அவ்வகுப்புகளைச் சாராதார் செய்தால், ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். மூன்றாண்டுக்கு மேற்பட்டதாகையால் இதற்கும் காலவரம்பு இல்லை. பௌத்தம் தழுவியோர் பட்டியல் வகுப்பினர் என்னும் நிலையை இழந்துவிட்டனர் என்று சொல்லி இச்சட்டத்தை எழுத மறுக்கும் அலுவலர் இருப்பாராயின், 1990இல் செய்யப்பட்ட திருத்தத்தை அவருக்கு நினைவூட்டுக. அவ்வாண்டு முதல் பட்டியல் வகுப்பினர் ஆணையில் பௌத்தரும் சேர்க்கப்பட்டுள்ளனர்.

சட்டத்தில் சில சன்னல்கள் திறந்திருக்கின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை. குற்றவியல் வழக்கில், நீதியின் பொருட்டுத் தேவை என்று கண்டால் காலம் கடந்த புகாரையும் நீதிமன்றம் ஏற்கலாம். தொடர்ந்து நிகழும் குற்றமாயின் ஒவ்வொரு நாளும் புதிதாகக் காலம் தொடங்கும். வஞ்சகத்தால் மறைக்கப்பட்ட உரிமைக்கு, அவ்வஞ்சகம் வெளிப்பட்ட நாளிலிருந்தே கணக்கு என்று காலவரையறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. நன்று. ஆயினும் இவை யாவும் கேட்டுப் பெறும் சலுகைகள். கேட்கத் தெரிந்தவனுக்கு, கேட்டுத்தர வக்கீல் வாய்த்தவனுக்குக் கிடைப்பவை. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பாருங்கள். பிரதிவாதி இந்தியாவுக்கு வெளியே இருந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கலாகாது என்று அது கேளாமலே சொல்கிறது. எதிரி கடல் கடந்து போயிருந்தால் கடிகாரம் தானே நிற்கும். முறையிட வேண்டியவன் அச்சத்தாலும் கடனாலும் வாயடைத்துக் கிடந்தால் அது நிற்காது.

கடன் என்றோம். இங்குதான் இப்பொருளின் உள்ளீடு இருக்கிறது. சட்டப்படி மூன்றாண்டு கழிந்த கடனுக்காக வழக்கிட இயலாது என்று கண்டோம். சூளையில் அந்தச் சட்டம் ஓடுவதில்லை. தந்தை வாங்கிய முன்பணம் மகனுக்கு வருகிறது. மகன் நோயுற்றால் மருமகளுக்கு வருகிறது. பத்தாயிரம் வாங்கியவன் பத்தாண்டு உழைத்த பின்னும் கணக்கு நோட்டில் இருபதாயிரம் நிற்கிறது. ஏழை பட்ட கடனுக்குக் காலவரம்பே இல்லை. ஏழைக்குப் பட்ட கடனுக்கு மட்டும் ஓராண்டு, மூன்றாண்டு! 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமைக் கடன் அனைத்தையும் ஒரே வரியில் அழித்தது உண்மை. ஏட்டில் அழிந்த கடன் மனத்தில் அழிவதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதை அச்சட்டம் கணக்கிடவில்லை.

பழைய சட்டப் புத்தகத்தைப் புரட்டுவோர்க்கு ஒரு செய்தி. 1859இல் ஆங்கில ஆட்சியில் இயற்றப்பட்ட 13ஆம் சட்டம், முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அவனைக் குற்றவாளியாக்கி, மாஜிஸ்டிரேட் ஆணைக்கு அடங்காவிடில் மூன்று மாதம் வரை சிறையிலிட வழி செய்தது. அதே ஆண்டின் 14ஆம் சட்டம் காலவரையறைச் சட்டம். இரண்டும் அடுத்தடுத்த எண்கள். தற்செயலாக அமைந்ததே, எனினும் அவ்விரு தாள்களையும் அருகருகே கண்டபோது நம் உள்ளம் துணுக்குற்றது. முன்னது 1925இல் நீக்கப்பட்டது. பின்னதன் வழித்தோன்றல் இன்றும் ஆள்கிறது.

இனி, கட்டு என்பது எப்போது அவிழ்கிறது? கதவு திறந்த அன்றா? சட்டம் அவ்வாறே கருதுகிறது. கதவு திறப்பது கட்டவிழ்வதன் தொடக்கமே என்பதை மீட்கப்பட்டோரோடு பழகியவர் அறிவர். ஊர் திரும்பியவன் அதே தரகனின் தெருவில்தான் வாழ வேண்டும். அடுத்த பருவத்தில் வேலைக்கு அதே தரகனிடம்தான் நிற்க வேண்டும். தங்கை இன்னும் அங்கே இருக்கலாம். விபசார விடுதியிலிருந்து மீண்டவளுக்கு, தனக்கு நேர்ந்ததைத் தாயிடம் சொல்லவே ஐந்தாண்டு ஆகலாம். காவல் நிலையத்தில் சொல்வது அதற்கும் பின்னர்தான். இன்னொரு கொடுமையும் உண்டு. தனக்கு நேர்ந்தது குற்றம் என்பதே பலர்க்குத் தெரிவதில்லை. 'வாங்கினோம், உழைத்தோம்' என்று அவர்கள் சொல்லுவது பொறுமையாலன்று. வேறு சொல் அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. ஒன்றைக் குற்றம் என்று அறியாதவன் அதனைப் பற்றி முறையிடாமல் இருந்தமையை 'உறக்கம்' என்று கூறலாமோ?

வெளிநாட்டில் நம் நாட்டார் பட்ட துன்பம் ஒன்று இங்கு எண்ணத்தக்கது. அமெரிக்காவில் 2005இல் வீசிய கத்ரீனா புயலுக்குப் பின், சிக்னல் இன்டர்நேஷனல் என்னும் கப்பல் கட்டும் நிறுவனத்தின் மிசிசிப்பி, டெக்சாஸ் தளங்களுக்கு இந்தியாவிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு பற்றவைப்புத் தொழிலாளரும் குழாய்ப் பணியாளரும் கொண்டு செல்லப்பட்டனர். கேரளத்தார் அவர்களிற் பலர். நிரந்தரக் குடியுரிமைச் சீட்டு கிடைக்கும் என்று நம்பி, ஒவ்வொருவரும் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் டாலர் வரை தரகர்க்குக் கொடுத்திருந்தனர். வீட்டையும் நிலத்தையும் அடகு வைத்தே பலர் அப்பணத்தைத் திரட்டினர். கிடைத்ததோ அந்த ஒரே முதலாளியிடம் மட்டும் வேலை பார்க்கலாம் என்னும் தற்காலிக விசா. ஓர் அறையில் இருபத்துநான்கு பேர் வரை அடைக்கப்பட்ட முகாமில் தங்குவதற்கு மாதம் 1,050 டாலர் கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. அங்கே கதவுக்குப் பூட்டு தேவைப்படவில்லை. ஊரில் வளர்ந்துகொண்டிருந்த வட்டியே பூட்டாக இருந்தது.

2008 மார்ச்சில் அவர்கள் வேலையை விட்டு வெளியேறி வழக்குத் தொடுத்தனர். அனைவர்க்குமாக ஒரே வழக்கை நடத்த 2012இல் நீதிமன்றம் இசையவில்லை. எனவே 2013இல் பலர் தனித்தனியே வழக்கிட நேர்ந்தது. முகாமுக்கு அவர்கள் வந்து அதற்குள் ஆறாண்டுகள் கடந்திருந்தன. 2015 பிப்ரவரியில் முதல் ஐவர்க்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர் அளிக்குமாறு ஜூரிகள் தீர்ப்புரைத்தனர். அவ்வாண்டே நிறுவனம் திவால் நிலையை அடைந்து, இரண்டு கோடி டாலருக்கு ஏனைய வழக்குகளை முடித்துக்கொண்டு, மன்னிப்பும் கேட்டது. நம் அட்டவணையின் 73ஆம் இனத்தை அத்தொழிலாளர்க்குப் பொருத்தியிருந்தால், 2013இல் வந்தவர் எவரும் நீதிமன்ற வாயிலைத் தாண்டியிருக்க முடியாது.

அந்நாட்டுச் சட்டமும் ஒரே நாளில் நேரானதன்று. ஆள் கடத்தலைத் தனிக் குற்றமாக்கிய சட்டம் 2000இல் வந்தது. பாதிக்கப்பட்டவரே இழப்பீடு கேட்டு வழக்கிடும் உரிமை 2003இல் சேர்க்கப்பட்டது. அவ்வழக்குக்குப் பத்தாண்டு என்னும் வரம்பு 2008இல் வகுக்கப்பட்டது. சிறுவராயிருந்து பாதிக்கப்பட்டோர்க்குப் பதினெட்டு வயது நிரம்பிய பின் பத்தாண்டு என 2015இல் நீட்டப்பட்டது. குற்றவியல் பக்கத்தில், கட்டாய உழைப்பு முதலான குற்றங்களுக்கு 2006இல் பத்தாண்டு வரம்பு வந்தது. சிறுவரைப் பாலியல் தொழிலில் தள்ளும் குற்றத்திற்கு அதே ஆண்டில் வரம்பே நீக்கப்பட்டது. அங்கே இருபத்தெட்டு வயது வரை திறந்திருக்கும் கதவு, இங்கே பத்தொன்பதில் சாத்தப்படுகிறது. அமெரிக்கரைப் புகழ்வது நம் நோக்கமன்று. பாதிக்கப்பட்டவர்க்குக் காலம் வேண்டும் என்று ஒரு சட்டமன்றம் நான்கு முறை எண்ணிப் பார்த்திருக்கிறது என்பதே நாம் காட்ட விரும்புவது.

இதற்கு நம்மிடையிருந்தே எழும் மறுப்புகள் சில உண்டு. 'அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்' என்பது ஊரார் வழக்கு. தெய்வத்தின் இடத்தில் வினையை வைத்து, 'வினை விதைத்தவன் வினை அறுப்பான், நீதிமன்றம் எதற்கு?' என்று நம்மவரும் சொல்லக் கேட்கின்றோம். வினைக்குக் காலவரம்பு இல்லை என்பது தம்மத்தின் உறுதி. அதனால் மனிதன் செய்ய வேண்டியதைச் செய்யாதிருக்கலாம் என்று பகவன் எங்கும் அருளவில்லை. இல்லறத்தார் செய்யலாகாத ஐவகை வாணிகத்துள் உயிர் வாணிகத்தையும் வைத்தார் அவர். உரையாசிரியர் அதற்கு மனிதரை விற்றல் என்றே பொருள் கண்டனர். வினை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கருத்தாயின், இவ்விலக்கே தேவைப்பட்டிராது. மேலும், நீதிமன்றம் தருவது தண்டனை மட்டுமன்று. அடகில் போன நிலத்தை மீட்கவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் இழப்பீடு வேண்டும். முதலாளியின் மறுபிறவியில் அவனுக்கு நேரப்போவது அக்குழந்தையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டாது.

வேறு சிலர் அங்குலிமாலரை எடுத்துக்காட்டுவர். எண்ணற்ற கொலை செய்தவரைப் பகவன் ஏற்றார். பசேனதி மன்னனும் தண்டியாது வணங்கிச் சென்றான். பழையதைக் கிளறுவது பௌத்தமோ என்பர். அக்கதையை முழுவதும் படித்தல் வேண்டும். அங்குலிமாலர் வாளைக் கீழே எறிந்தார். தம் செயலை மறைக்கவில்லை. பிச்சைக்குச் சென்ற இடத்தில் கல்லும் தடியும் ஓடும் பட்டுத் தலை உடைந்து குருதி ஒழுக வந்தபோது, பொறுத்துக்கொள் என்றே பகவன் பணித்தார். ஆண்டுகள் கடந்துவிட்டன, இனி எவரும் கேட்கலாகாது என்று அவர் ஊராரிடம் சொல்லவில்லை. மன்னிப்பு மனம் திரும்பியதால் வந்தது. நாட்காட்டி திரும்பியதால் வரவில்லை. நம் சூளை முதலாளியோ கணக்கு நோட்டை இன்னும் கீழே வைக்கவில்லை.

மூன்றாவது மறுப்பே வலுவுடையது. குற்றம் சாட்டப்பட்டவனும் மனிதன். பல்லாண்டுக்குப் பின் பொய்யாக ஒருவன்மேல் பழி சுமத்தப்படின் அவன் எதைக் கொண்டு தன்னைக் காப்பான்? இதனை நாம் இலேசாகத் தள்ளுவதற்கில்லை. பொய் வழக்கின் கொடுமையை நம் மக்களைவிட நன்கு அறிந்தவர் யார்? காலத்தை நீட்டுவது மெய்ப்பிக்கும் பொறுப்பைக் குறைப்பதாகாது என்பது ஒரு விடை. காலம் கடந்த சாட்சியம் நொய்ந்ததாயின் அதனால் முதலில் தோற்பவன் வழக்கிட்டவனே. கொத்தடிமை வழக்கிலோ முன்பண ஏடும் கூலிக் கணக்கும் முதலாளியின் பெட்டியில் இருப்பவை. ஆகவேதான் அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் சுமையை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவன்மேல் வைத்தது.

ஆயினும் ஓர் எல்லையை நாம் ஒப்புக்கொள்கின்றோம். குற்றவியல் வழக்குக்குரிய காலம் ஏற்கெனவே முடிந்துபோன ஒருவனை, புதிய சட்டம் இயற்றி மீண்டும் கூண்டில் ஏற்றுதல் தகாது. கலிபோர்னியா மாநிலம் அவ்வாறு செய்ததை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இல் செல்லாதென்றது. அதுவும் சிறுவர்க்கு இழைத்த பாலியல் கொடுமை வழக்கு. நீதிபதிகள் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமும் நின்றனர். அத்தீர்ப்பு கசப்பானது, எனினும் சரியானது என்றே கருதுகின்றோம். அரசு தான் ஒருமுறை சாத்திய சிறைக் கதவைத் தன் விருப்பப்படி பின்னோக்கித் திறக்கத் தொடங்கினால், அக்கதவுக்குள் முதலில் தள்ளப்படுவோர் எளியவராகவே இருப்பர். இழப்பீட்டு வழக்கு அத்தகையதன்று. அங்கே ஒருவனின் உயிரும் உரிமையும் பணயமாவதில்லை. பிறன் உழைப்பால் சேர்த்த பொருளைத் திருப்பிக் கேட்பதே நிகழ்கிறது. பழைய துன்பத்திற்கும் அக்கதவைச் சில காலம் திறந்து வைப்பதில் அநீதி ஒன்றும் இல்லை.

நீண்ட வரம்பினால் ஓர் இடரும் உண்டு. பத்தாண்டு இருக்கிறதே என்று காவல் அலுவலர் கோப்பைப் பத்தாண்டு உறங்க வைக்கலாம். நீட்டிய காலம் பாதிக்கப்பட்டவனுக்கு உரியது, விசாரிப்பவனுக்கு உரியதன்று. இதனைச் சட்டத்திலேயே பிரித்து எழுத வேண்டும்.

நாம் வேண்டுவது பெரிதன்று. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு மனித வாணிகத்தையும் வெட்டி வேலையையும் விலக்கியது. பாபாசாகேப் அம்பேத்கர் தலைமை தாங்கிய வரைவுக்குழுவின் கையால் வந்த அவ்வரிக்குத் தண்டனைச் சட்டம் பிறக்க 1976 வரை ஆயிற்று. அச்சட்டத்தின் தண்டனை மூன்றாண்டாகவே நிற்பதால் அதன் காலவரம்பும் மூன்றாண்டாக நிற்கிறது. நாடு கடந்த குற்றங்களுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2011இல் ஏற்றது. அதன் 11ஆம் பிரிவு, ஏற்ற இடங்களில் நீண்ட காலவரம்பை வகுக்குமாறு உறுப்பு நாடுகளைப் பணிக்கிறது. ஆகவே கொத்தடிமைக் குற்றத்தையும் கட்டாய உழைப்பையும் 514ஆம் பிரிவின் வரம்பிலிருந்து விலக்குக. 73ஆம் இனத்தில் கடத்தப்பட்டவர்க்கும் கொத்தடிமைகளுக்கும் தனி வரி ஒன்று சேர்த்துப் பத்தாண்டு தருக. சிறுவர்க்குப் பதினெட்டு நிரம்பிய பின் பத்தாண்டு தருக.

அதுவரை நம் சங்கக் கிளைகள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. மீட்கப்பட்ட தொழிலாளர் நம் ஊருக்குத் திரும்பினால், கோட்டாட்சியர் கையொப்பமிட்ட விடுதலைச் சான்றிதழ் அவர் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையேல் அன்றே கேட்டு மனு எழுத வேண்டும். அதில் மீட்கப்பட்ட நாளைத் தெளிவாகக் குறிக்கச் செய்ய வேண்டும்; காலம் எண்ணப்படுவது அந்நாளிலிருந்துதான். காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கையின் படியைப் பெற்று, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு 143ஆம் பிரிவும், உரியவர்க்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று நோக்க வேண்டும். சேர்க்கப்படவில்லையெனில், மூன்றாண்டு முடியுமுன் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்க்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும்.